தலைப்புக்கு மேல் ஒரு வரி

பரிதாவிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, "முடியாட்டி விட்டுடும்மா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் அவ்வளவுதான், சோறு தண்ணி மறந்து அதன் பின்னாலேயே அலைவாள். அவள் வேலை பார்த்த, பல்லாவரம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் டிடிபி கடை வைத்திருந்த சிட்டிபாபுவுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். சிக்கலான வேலை எது வந்தாலும் முதலில், "இது நம்மால ஆவாதும்மா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். மறுநாள் அந்த வேலை முடிந்திருக்கும். அவர் பிழைக்கத் தெரிந்த மனிதர்.

நான் சொல்வது 2006-ஆம் வருஷத்துக் கதை. பரிதாவின் வீடு கிழக்குத் தாம்பரத்தில். கணவர் ஹனீஃபா தோல் பெல்ட்டும் பையும் தைத்துப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்பவர். பரிதா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். தட்டச்சு இயந்திரங்கள் எடைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, ஊரில் பலர் பயந்து ஒதுங்க, இவள் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் விரல் பறக்கும்.

அந்தக் கடையில் பாதி வேலை கல்யாணப் பத்திரிகைதான். நம் ஊரில் எந்தக் காகிதமும் மொட்டையாகத் தொடங்காது. தலையில் ஏதாவது ஒன்று வேண்டும். சிலருக்குப் பிள்ளையார் சுழி, சிலருக்குச் சிலுவை, பரிதாவின் ஆட்களுக்கு 786. இறைவன் திருப்பெயரால் என்று தொடங்குவதற்கு ஈடாகப் போடுகிற எண் அது. ஒவ்வொரு தடவையும் அதை நடுவில் நிறுத்தி, பெரிதாக்கி, தடிப்பாக்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பரிதா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தாள். எழுதும் மென்பொருளில் முதல் நிலைத் தலைப்பு என்று ஓர் அமைப்பு உண்டு. மூன்று விசைகளைச் சேர்த்துத் தட்டினால் எழுத்து தானே பெரிதாகி நடுவில் போய் நிற்கும். அதை அப்படியே 786-க்கு வைத்துக்கொண்டாள். புதிதாக எந்தக் கோப்பைத் திறந்தாலும் உச்சியில் 786 தயாராக இருக்கும்படியும் செய்துவிட்டாள். மற்றவர்கள் வேலையென்றால் கடைசியில் எடுத்துவிடுவாள், அல்லது அவரவர் அடையாளத்தை அங்கே போட்டுவிடுவாள். அச்சுக்குப் போகிற காகிதத்தில் எது எந்த நிலை என்று யார் பார்த்தார்கள்? கண்ணுக்கு அழகாக இருந்தால் சரி.

தபீதாள் அவளுக்கு ரயில் சிநேகிதம். தாம்பரத்தில் மகளிர் பெட்டியில் ஏறினால் பல்லாவரம் வரும்வரைக்கும்தான் பேச்சு. பரிதா இறங்கிவிடுவாள், தபீதாள் கிண்டி வரை போவாள். அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். அவளுக்குத் தாம்பரம் காலால் தெரிந்த ஊர். எந்த இடத்தில் படி உடைந்திருக்கிறது, எந்தக் கடை வாசலில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவார்கள், எல்லாம் பாதத்துக்கே தெரியும். கூட்டத்தில் யாராவது கையைப் பிடித்து இழுத்து உதவ வந்தால், "விடுங்க, நானே உங்களைக் கொண்டுபோய் விடறேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பரிதா அவளோடு ஒட்டிக்கொண்டாள். தபீதாள் இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா.

ஒருநாள் அந்த அக்கா சிரிக்கவில்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. ஆபீஸ்ல டெலிபோன் போர்டை எடுக்கறாங்க பரிதா. இனிமே போன் பண்ணா மெஷினே பேசும். ஆபரேட்டர்லாம் திருச்சி ஆபீசுக்குப் போகணுமாம்."

"திருச்சியா? அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"யாரும் இல்லை. இங்கேயே இருக்கணும்னா டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதி கிளார்க்காகணும். எழுதலாம். ஆனா விதிமுறைப் புத்தகம் பிரெய்லில கிடையாது. யாராவது உக்காந்து படிச்சுக் காட்டணும். தினமும் யாரு படிச்சுக் காட்டுவா?"

தபீதாளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பார்வையற்றோர் சங்கம் ஒன்று வாங்கிக் கொடுத்தது. திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளும் அதில் இருந்தது. புத்தகத்தை யாராவது தட்டச்சு செய்து கொடுத்தால் போதும், அது வாசிக்கும். அதை அவள் கேட்கவும் தயங்கினாள். "பெரிய புக்கு பரிதா. உன்னால முடியாட்டி விட்டுடு" என்றாள்.

சொல்லிவிட்டாள் அல்லவா? பரிதா அன்றைக்கே புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அது செங்கல் கனத்துக்கு ஒரு ஆங்கிலப் புத்தகம். அத்தியாயம், அத்தியாயத்துக்குள் பகுதி, பகுதிக்குள் விதி என்று அடுக்கடுக்காகப் போகும். விடுப்பு விதி, பயணப்படி விதி, கோப்பு அனுப்பும் விதி. படித்தால் கொட்டாவி வரும், ஆனால் தபீதாளின் தாம்பரம் அதற்குள்தான் இருந்தது. பரிதா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் கரண்டியும் மறு கை விசைப்பலகையிலுமாகத் தட்டினாள். கடை கம்ப்யூட்டர் பெரிய கோப்பைத் திறந்தால் படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனிக் கோப்பு.

"இன்னாம்மா, இன்னும் அந்த புக்கையே கட்டிகினு கீறே? மெஷின் சூடாயிக்கினு கீதும்மா" என்று சிட்டிபாபு சுற்றிச் சுற்றி வந்தார். ஆனாலும் தன் பங்குக்கு ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாள். சங்கம் கொடுத்திருந்த மாற்றும் மென்பொருள் ஒன்று உண்டு. தட்டச்சுக் கோப்பை உள்ளே விட்டால் பேசும் புத்தகமாக்கி வெளியே தள்ளும். அதை சிடியில் ஏற்றி, ஜிகினாத் தாளில் சுற்றி, ரயிலில் தபீதாள் கையில் வைத்தாள். தபீதாள் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்னடி, கல்யாணப் பரிசு மாதிரி!" என்றாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

மறுநாள் தபீதாள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் காணோம்.

"வாசிக்குது பரிதா. எல்லாம் வாசிக்குது. ஆனா தாவ முடியலை."

தாவுவது என்றால் என்ன என்று பரிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. விசைப்பலகையில் 1-ஐத் தட்டினால் அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டும், 2 என்றால் பகுதி, 3 என்றால் விதி. பார்க்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டுகிறார்களே, அதற்குப் பதில் இது. இந்தப் புத்தகத்திலோ 1-க்கு அத்தியாயம் வரவில்லை, விதி எங்கே என்று தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை. ஒரு விதியை மறுபடி கேட்க வேண்டுமென்றால் அந்தப் பகுதி முழுவதையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

"அத்தியாயம் வர்ற இடத்துல அத்தியாயம் வரலையா? பின்ன என்ன வருது?"

"ஏதோ வருது..." என்று தபீதாள் இழுத்தாள். "அது பரவால்ல. விதிதான் வேணும்."

அதற்குள் பல்லாவரம் வந்துவிட்டது. கூட்டம் பரிதாவைக் கீழே தள்ளியது.

கடைக்குப் போய்க் கோப்பைத் திறந்து பார்த்தாள். தலைப்பெல்லாம் ஜம்மென்று தலைப்பாகத்தான் இருந்தது. ஒருவேளை எழுத்து சின்னதோ என்று விதித் தலைப்புகளையெல்லாம் பெரிதாக்கினாள். தடிப்பாக்கினாள். அடிக்கோடு போட்டாள். மறுபடி மாற்றி, மறுபடி சிடி. தபீதாள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பரிதா சிவப்பு வண்ணம்கூடக் கொடுத்துப் பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவளுக்குச் சிவப்புத் தலைப்பு! பின்னாளில் இதை நினைத்து அவளே தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் இருபது வருஷமாகக் கண்ணுக்காகவே வேலை செய்த கைக்கு வேறென்ன தெரியும்?

சங்கத்துக்கு போன் போட்டாள். அங்கிருந்தவர், "மூணு நிலைக்குத்தான் மேடம் எங்க சாஃப்ட்வேர் வேலை செய்யும். நாலாவது நிலைன்னா சாதா எழுத்தா மாத்திடும்" என்றார். பரிதா வரிசைப்படுத்திப் பார்த்தாள். அத்தியாயம், பகுதி, விதி. மூன்றுதானே! நாலாவது எங்கிருந்து வரும்? மண்டையைக் குடைந்தது.

"சாஃப்ட்வேரே டுபாக்கூரும்மா. வுட்டுத் தள்ளு" என்றார் சிட்டிபாபு. இந்தத் தடவை அவர் பிழைக்கத் தெரிந்து சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் உண்மையாகவே சொன்னார். பரீட்சை அடுத்த மாதம் என்று தேதி வந்துவிட்டது.

ரயிலில் தபீதாளும், "போதும் பரிதா. கேட்டவரைக்கும் போதும். திருச்சியும் ஊர்தானே" என்றாள்.

பரிதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "திருச்சியாவது ஒண்ணாவது! ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி அது எப்படித் தப்பு பண்ணுதுன்னு பாக்கறேன்" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி டப்பாவும் கையுமாக மாடி ஏறினாள். மேசையில் விசைப்பலகை இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, கீழே பெட்டி இருந்தது.

"அக்கா, மானிட்டர் எங்கே?"

"அது எதுக்கு எனக்கு? இடத்தை அடைச்சுகிட்டு இருந்துச்சு. கீழ் வீட்டுப் பசங்க கம்ப்யூட்டருக்குக் குடுத்துட்டேன்."

பரிதா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்துவிடலாம் என்று வந்தால் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல், "சரி, தட்டுங்க. கேக்கறேன்" என்றாள். கண்ணைத் திறந்துவைத்திருந்தால் சுவரும் காலண்டரும் கவனத்தை இழுத்தன, அதனால் மூடிக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரக் குரல் கரகரத்தது. தபீதாள் அதற்கு வைத்திருந்த பெயர் தொரை. புத்தகத்தின் உச்சியில் நின்றுகொண்டு 1-ஐத் தட்டினாள்.

"ஹெடிங் லெவல் ஒன். செவன் ஹண்ட்ரட் எய்ட்டி சிக்ஸ்" என்றான் தொரை.

மறுபடி தட்டினாள்.

"ஹெடிங் லெவல் ஒன். செவன் ஹண்ட்ரட் எய்ட்டி சிக்ஸ்."

மறுபடி. மறுபடி. விடுப்பு அத்தியாயத்துக்கும் அதே, பயணப்படிக்கும் அதே. மொத்தப் புத்தகத்திலும் எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே பெயர், 786.

பரிதா கண்ணைத் திறந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்த எண்ணை அவள் எத்தனையோ ஆயிரம் தடவை போட்டிருப்பாள். போட்டுப் போட்டுப் பழகி, அது அங்கே இருப்பதே அவள் கண்ணுக்குப் படாமல் போயிருந்தது. அதுதான் முதல் நிலை. அது மேலே உட்கார்ந்துகொண்டதால் அத்தியாயத்துக்குக் கை தானாக இரண்டாவது நிலையைப் போட்டிருந்தது, பகுதி மூன்றாவதாக இறங்கியது, விதி நாலாவதாக இறங்கிச் சாதா எழுத்தாகக் கரைந்துபோய்விட்டது.

"அக்கா! தினமும் இதைக் கேட்டுகிட்டா இருந்தீங்க? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

தபீதாள் விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள். "அது உங்க சாமி நம்பர்னு எனக்குத் தெரியும் பரிதா. ஆட்டோவில எல்லாம் எழுதியிருக்கும்னு சொல்லுவாங்க. அதுக்கும் விதி காணாமப் போறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னா நீ பட்டுனு எடுத்துடுவே. எனக்காக உன் சாமி பேரை அழிக்கச் சொல்லுவேனா நான்?"

பரிதாவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இப்படி ஒரு மரியாதையைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாளே இந்தப் பாவி! எழுந்து போய் அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

"அதை எடுக்காதே" என்றாள் தபீதாள் உள்ளே அமுங்கிய குரலில். "நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நீங்க ஒண்ணும் சமாளிக்க வேணாம். எடுக்கவும் மாட்டேன், இப்படி விடவும் மாட்டேன். வாங்க, பிரியாணி ஆறுது."

திங்கட்கிழமை கடையைத் திறக்கும் முன்பே பரிதா வாசலில் நின்றாள். மேலே இருக்க வேண்டியது மேலேயே இருக்கட்டும், ஆனால் அது தலைப்பாக இருந்துதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் உச்சியிலும் 786-ஐத் தேடிப் பிடித்துச் சாதாரண வரியாக மாற்றினாள். பார்வைக்கு அழகு போய்விட்டது. எளிமையாக, மற்ற வரிகளோடு ஒரு வரியாக நின்றது. அதனால் படைத்தவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று அவளுக்குப் பட்டது. அப்புறம் அத்தியாயத்தை ஒரு நிலை ஏற்றினாள், பகுதியை ஏற்றினாள், விதிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். விதிகளுக்கு முடிவே இல்லை. அன்றைக்கு வந்த வளையல்கடை நோட்டீசை சிட்டிபாபுவே ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

மாற்றி, சிடி எழுதி, அன்று சாயங்காலமே மேற்குத் தாம்பரத்துக்கு ஓடினாள். தபீதாள் 1-ஐத் தட்டினாள்.

"ஹெடிங் லெவல் ஒன். பிளாங்க்" என்றான் தொரை.

வெற்றுத் தலைப்பு! பரிதா பல்லைக் கடித்தாள். இந்தத் தடவை திரையைத் தேடவில்லை, கண்ணை மூடி யோசித்தாள். 786-க்குக் கீழே அழகுக்காக ஒரு வெற்று வரி விடுவது அவள் வழக்கம். அந்த வெற்று வரியும் முதல் நிலைத் தலைப்பாகவே கிடந்திருக்கிறது. எழுத்தே இல்லாத வரி எந்த நிலையில் இருந்தால் கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது? காது கண்டுபிடித்துவிட்டது.

"இன்னும் ஒருநாள் பொறுங்கக்கா" என்று படியிறங்கியவள், மறுநாள் வெற்று வரிகளையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு வந்து நின்றாள்.

தபீதாள் தட்டினாள். "ஹெடிங் லெவல் ஒன். லீவ்" என்றான் தொரை. 2-ஐத் தட்டினாள், பகுதி வந்தது. 3-ஐத் தட்டினாள், விதி வந்தது. மறுபடி 3. மறுபடி. விதிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தன. தபீதாள் விசைப்பலகையின் மேல் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருந்தாள். போதுமென்று நிறுத்த அவளுக்கு மனமே வரவில்லை.

அதற்குப் பிறகு பரிதாவுக்கு வேலையில்லை, தபீதாளுக்குத்தான் வேலை. ரயிலில் ஏறியதும் பரிதா புத்தகத்தைப் பிரித்து ஏதாவது ஒரு தலைப்பைச் சொல்வாள், பல்லாவரம் வருவதற்குள் தபீதாள் அந்த விதியை ஒப்பித்துவிடுவாள். தப்பாகச் சொன்னால் பெட்டியிலிருந்த பூக்காரம்மாவுக்கே தெரிந்துவிடும் என்கிற அளவுக்குப் போனது. பரீட்சையன்று பதில் எழுதிக் கொடுக்க ஒருவரை அலுவலகமே ஏற்பாடு செய்தது. தபீதாள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

முடிவு வந்த அன்று தபீதாள் ரயில் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினாள். பரிதா கேட்கவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். திருச்சி இல்லை. அதே கிண்டி அலுவலகத்தில் கிளார்க்.

"சொல்லுங்கக்கா, அந்த லீவு கேள்வி வந்துச்சா? எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"மனசுக்குள்ளே தட்டினேன். ஒண்ணு தட்டினேன், அத்தியாயம் வந்துச்சு. மூணு தட்டினேன், விதி வந்துச்சு." பரிதா பக்கம் திரும்பினாள். "பரிதா, ஒண்ணு சொல்லட்டுமா. நீ அதைத் தலைப்புலேர்ந்து எடுத்ததுக்கப்புறம் தாவும்போது உன் நம்பரை தொரை சொல்றதில்லை. நேரா அத்தியாயத்துக்குப் போயிடறான்."

"ஆமாக்கா. அதுக்குத்தானே இத்தனை பாடு!"

"எனக்கு அது நல்லால்லை. அதனால ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் போனதும் மேல போற அம்புக்குறி விசையை ஒரு தடவை அழுத்துவேன். அங்க இருக்கும். அதைக் கேட்டுட்டுத்தான் கீழே இறங்குவேன். பரீட்சையிலயும் அப்படித்தான்."

பல்லாவரம் வந்தது. இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பரிதா கையை விடவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்றைக்குக் கிண்டி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பித்தான் கடைக்கு வந்தாள்.